தனியாக சைக்கிள் ரைடு போறீங்களா? செல்போன் பாக்கெட்டில் இருந்தால் மட்டும் போதாது!

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சென்னை ஈசிஆர் பக்கம் போனால், மாமல்லபுரம் நோக்கி சைக்கிள் மிதிக்கும் பலரைப் பார்க்கலாம். அதில் தனியாகப் போகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலர் செல்போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். "அந்த ரெண்டு மணி நேரமாவது நிம்மதியா இருக்கலாமே" என்பது அவர்கள் கணக்கு. இது சரியா?

போன் ஏன் தேவை?

குழுவாகப் போகும்போது ஒருவர் விழுந்தால், பக்கத்தில் வருபவர் உதவிக்கு ஆள் கூப்பிடுவார். தனியாகப் போனால் அந்த வேலையைச் செய்ய உங்கள் போன் மட்டும்தான் இருக்கும்.

படுகாயம் ஏற்பட்ட பிறகான முதல் ஒரு மணி நேரத்தை 'கோல்டன் ஹவர்' என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குள் சிகிச்சை கிடைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். ஆனால் இதெல்லாம் நடக்க, யாராவது ஒருத்தர் 108-க்கோ 112-க்கோ போன் செய்தாக வேண்டும்.

நீங்கள் மயங்கிவிட்டால்?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறோம். பாக்கெட்டில் போன் இருக்கும். ஆனால் லாக் ஆகியிருக்கும். உதவிக்கு ஓடி வந்தவருக்கு உங்கள் பெயரே தெரியாது, வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்வார்?

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' பகுதி இருக்கும். ஐபோனில் ஹெல்த் ஆப்பில் 'மெடிக்கல் ஐடி' இருக்கும். வீட்டில் இருப்பவரின் எண், ரத்த வகை, அலர்ஜி, சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை அதில் பதிவு செய்யுங்கள். லாக் ஆகியிருக்கும்போதும் அவை தெரியும்படி அனுமதி கொடுங்கள். லாக்கைத் திறக்காமலேயே 'எமர்ஜென்சி' பட்டனைத் தொட்டு மற்றவர்கள் அதைப் பார்க்க முடியும்.

பவர் பட்டனை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதியும் பல போன்களில் உண்டு. சிலவற்றில் 3 முறை, சிலவற்றில் 5 முறை அழுத்த வேண்டும். உங்கள் போனில் எப்படி என்பதை செட்டிங்ஸில் பாருங்கள். சும்மா அழுத்திப் பார்க்காதீங்க, நிஜமாகவே அழைப்பு போய்விடும்!

எங்கே வைப்பது?

ஹேண்டில்பார் ஸ்டாண்டில் வைத்தால் வழி பார்க்க வசதிதான். ஆனால் நோட்டிஃபிகேஷன் வரும்போதெல்லாம் கண் அங்கேதான் போகும். சைக்கிள் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் விழுந்தால் போன் கைக்கு எட்டாமலும் போகலாம். முதுகின் நடுப்பகுதியில் வைத்தால், மல்லாந்து விழும்போது போனே முதுகெலும்பைக் குத்தலாம். ஜிப் உள்ள பக்கவாட்டு பாக்கெட்டே நல்லது. வியர்வையும் மழையும் படாமல் இருக்க, ஒரு ஜிப்லாக் கவருக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில்?

மலைப்பாதையிலும் காட்டுப்பாதையிலும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் அருகில் இருந்தால் 112 அழைப்பு அதன் வழியாகப் போக வாய்ப்பு உண்டு. எந்த டவருமே இல்லையென்றால் போனால் யாரையும் அழைக்க முடியாது.

அதனால் எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். "9 மணிக்குள் வரலைன்னா போன் பண்ணு, எடுக்கலைன்னா தேட ஆரம்பி" என்பது போலத் தெளிவாகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 8 மணி நேரம் வரை பகிரலாம். டேட்டா இல்லாத இடத்தில் அது அப்டேட் ஆகாது என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

அப்போ நிம்மதி?

அதுக்கும் வழி இருக்கு. 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டு, வீட்டு எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இயர்போனைத் தவிருங்கள், பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதில் விழ வேண்டும். போன் பேசியே ஆக வேண்டும் என்றால், சாலையை விட்டு இறங்கி நின்று பேசுங்கள்.

ஆக, போனைக் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க. ஆனால் அடுத்த ரைடுக்கு முந்தைய இரவே சார்ஜ் ஏற்றுவதோடு, அந்த எமர்ஜென்சி விவரங்களையும் பதிவு செய்துவிடுங்கள். 5 நிமிட வேலைதான்.