பேட் சுழலும் அரை நொடி

“அம்மிணி, பந்தைக் கடைசி வரைக்கும் பாரு!” ஈரோட்டுப் பக்கம் சாஃப்ட்பால் பேட் பிடித்து வளர்ந்த பெண்களில் இந்தக் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. பி.இ.டி. சார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அவர் கேட்பதை மனிதக் கண்ணால் செய்ய முடியாது.

டெர்ரி பாஹில், டாம் லாரிட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பேஸ்பால் அடிப்பவரின் கண்ணும் தலையும் எப்படி நகர்கின்றன என்று அளந்து 1984-ல் எழுதினார்கள். அவர்கள் சோதித்த தொழில்முறை வீரரால்கூட, அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு ஐந்தரை அடி முன்னால் பந்து வரும்வரைதான் பார்வையால் தொடர முடிந்தது. பந்து நெருங்க நெருங்க, கண் திரும்ப வேண்டிய வேகம் எகிறிவிடுகிறது. கண்தசைக்கு அது எட்டாது. கடைசி ஐந்தரை அடியில் பந்து எங்கே இருக்கும் என்று மூளை ஊகித்துக்கொள்கிறது. அடி விழுவது அந்த ஊகத்தின் மேல்தான்.

சாஃப்ட்பாலில் ஊகிக்கவும் அதிக நேரம் கிடையாது. பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசும் பிட்சருக்கும் பிளேட்டுக்கும் 43 அடி, அதாவது 13.1 மீட்டர். பிட்சர் ஒரு எட்டு முன்னே பாய்ந்து, கையைச் சக்கரமாகச் சுழற்றி, இடுப்போரமாகப் பந்தை விடுகிறார். மீதம் பதினொன்றரை மீட்டர்தான் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் சுமார் 0.41 நொடி. பேட்டைச் சுழற்றவே அதில் ஏறத்தாழ பாதி போய்விடும். அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க மிச்சமிருப்பது 0.2 நொடி.

2004-ல் ஒரு காட்சிப் போட்டியில் அமெரிக்க பிட்சர் ஜென்னி ஃபின்ச், பேஸ்பாலின் பெருந்தலைகளான ஆல்பர்ட் புஹோல்ஸையும் மைக் பியாஸாவையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். தினமும் இதைவிட வேகமான பந்துகளைச் சந்திக்கிறவர்கள் அவர்கள். ஆனால் தோளுக்கு மேலிருந்து வரும் பந்தைப் படித்துப் பழகிய மூளை, இடுப்புக்குக் கீழிருந்து வரும் பந்தின் முன்னால் எழுத்தறியாததாகிவிட்டது. அனிச்சை வேகம் அவர்களைக் காப்பாற்றவில்லை. திறமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, பிட்சரின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்து முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான்.

சரி, முடிவெடுத்த பிறகு உடம்பு என்ன செய்கிறது? பேட் கையில் இருப்பதால் வேலை கையில்தான் என்று நினைத்துவிடுகிறோம். வெல்ச் என்பவரின் குழு 1995-ல் தொழில்முறை பேஸ்பால் வீரர்களை அளந்து வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. முன்கால் ஊன்றியதும் தரையில் விழும் விசை உடல் எடையையே தாண்டி 123 சதவீதம் ஆகிறது. அடுத்து இடுப்பு நொடிக்கு 714 பாகை வேகத்தில் திரும்புகிறது. அதன் பின்னால் தோள், 937. கடைசியாகக் கைகள், 1,160. ஒன்று உச்சத்துக்குப் போய்த் தளரும்போது அடுத்தது அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு கூட்டுகிறது. கல்லில் துணி துவைக்கிறவர்களைக் கவனித்தால் இது விளங்கும்: இடுப்பு முதலில் திரும்பும், தோள் பின்தொடரும், ஈரத்துணியின் நுனி எல்லாவற்றுக்கும் கடைசியில், எல்லாவற்றையும்விட வேகமாக வந்து விழும்.

ஆகவே “கையை வேகமா சுத்து” என்பது பாதி வீணான அறிவுரை. இடுப்பு திரும்பும் முன் கை கிளம்பினால் சங்கிலி அறுந்துபோகும். காய்ந்த மண் தரையில் முன்கால் வழுக்கினாலும் அதே கதைதான். நல்ல பிடிமானமுள்ள ஒரு ஷூ, சில நேரம் ஒரு மாதப் பயிற்சிக்குச் சமம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் முதலில் பிடித்தது கிரிக்கெட் மட்டை. பிடியில் சிக்கலில்லை: வலக்கை ஆட்டக்காரர் என்றால் இரண்டு ஆட்டத்திலும் இடக்கைதான் கைப்பிடியின் நுனியில். மற்றதெல்லாம் தலைகீழ். கிரிக்கெட்டில் முழங்கையை உயர்த்தி மட்டையை நேராக இறக்கி, உடம்பை முன்காலின் மேல் சாய்க்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். இங்கே முன்கால் கதவுக் கீல்போல் இறுகி நிற்க வேண்டும், அதைச் சுற்றி இடுப்பு திரும்ப வேண்டும். கிரிக்கெட்டில் இதற்கு ஓரளவு பக்கமானது புல் ஷாட். அந்த ஷாட் நன்றாக வருகிற பெண்ணை எனக்குக் காட்டுங்கள், சாஃப்ட்பாலுக்கு அவள் பாதி தயார் என்பேன்.

பேட்டின் நீளத்தில்தான் பல பள்ளிகள் சறுக்குகின்றன. விதிப்படி பேட் 34 அங்குலம்வரை இருக்கலாம். குழுவுக்கு ஒன்றோ இரண்டோ வாங்குவார்கள், அதுவும் பெரியதாக. எட்டாம் வகுப்புப் பெண்ணும் அதையே தூக்க வேண்டும். சுழலும் பொருளைக் கிளப்புவது எவ்வளவு கடினம் என்பதை அதன் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த எடை கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது இருமடியாகக் கணக்கில் வரும்: தூரம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. பேட்டின் மொத்த எடையைவிட இந்தச் சுழல் தடைதான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று ஃப்ளைசிக் என்பவரின் குழு 2002-ல் காட்டியது. 30, 31 அங்குல பேட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கைப்பிடியில் ஒரு அங்குலம் மேலே ஏற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள், காசு செலவில்லை. கைகளை உடம்புக்கு நெருக்கமாக வைத்துச் சுழலத் தொடங்கு என்பதற்கும் இதே இயற்பியல்தான் காரணம்.

“மேலிருந்து வெட்டி அடி” என்ற பழைய பாடத்தையும் விட்டுவிடலாம். தொடை உயரத்தில் விடுபடும் பந்து சற்று எழும்பி, பிளேட்டைக் கடக்கும்போது இறங்கிக்கொண்டிருக்கும். சுழற்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், 100 கிலோமீட்டர் வேகப் பந்து சுமார் 4 பாகை, 80 கிலோமீட்டர் பந்து 6 பாகைக்கு மேல் கீழ்நோக்கி வருகிறது. பேட் அதே அளவு மேல்நோக்கி ஏறினால் இரண்டும் ஒரே கோட்டில் அதிக தூரம் சேர்ந்திருக்கும். நேரத்தை ஊகிப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் பந்து பேட்டில் படும். மேலிருந்து வெட்டினால் இரண்டு கோடுகளும் ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கும்.

இதையெல்லாம் ஆடும் பெண்ணிடம் எப்போது சொல்வது? இங்கேதான் பயிற்சியாளர்கள் வாயைக் கட்ட வேண்டும். காஸ்டனேடா, கிரே இருவரின் 2007 ஆய்வில், கைதேர்ந்தவர்கள் தாங்கள் அடித்த பந்து போகும் திசையைக் கவனித்தபோது நன்றாக அடித்தார்கள். தம் கையசைவைக் கவனித்தபோது தடுமாறினார்கள். கற்றுக்குட்டிகளுக்கு நேர்மாறு: உடம்பின் மேல் கவனம் வைப்பது உதவியது. அதனால் முதல் சில வாரங்கள், வாளி மணலில் நட்ட பி.வி.சி. குழாயின் மேல் பந்தை வைத்து அடிக்கும்போது, இடுப்பைப் பற்றி ஒரே ஒரு சொல் சொல்லலாம். ஓடிவரும் பந்தின் முன்னால் நிற்கும்போது அதுவும் கூடாது.

பயிற்சியின் வரிசையும் முக்கியம். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி பேஸ்பால் வீரர்களுக்கு ஆறு வாரம், வாரம் இருமுறை, கூடுதலாக 45 பந்துகள் போட்டார்கள். ஒரு குழுவுக்கு மூன்று வகைப் பந்துகளை வகைவாரியாக 15, 15, 15. இன்னொரு குழுவுக்கு அதே 45-ம் கலந்து. வரிசையாக அடித்தவர்கள் சுமார் 25 சதவீதம் முன்னேறினார்கள், கலந்து அடித்தவர்கள் சுமார் 57 சதவீதம். கலந்து வரும் பந்தைத் தவறவிடுவதைப் பார்க்க அப்பா அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருத்த வேண்டியதைக் கண்டுபிடிக்க ஒரு செல்போன் போதும். சாதாரண வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 100 கிலோமீட்டர் வேகப் பந்து சுமார் 93 சென்டிமீட்டர் தாவிவிடும். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் சுமார் 12 சென்டிமீட்டர்தான். பக்கவாட்டிலிருந்து எடுத்து, இடுப்பு முதலில் திரும்புகிறதா, கையா என்று மட்டும் பாருங்கள்.

சாஃப்ட்பால் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மறுபடி இடம்பெறுகிறது. கிரிக்கெட்டோடு சேர்த்து அந்த முடிவு எடுக்கப்பட்டது 2023 அக்டோபரில் மும்பையில். கொங்கு நாட்டுப் பள்ளி நிர்வாகங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு விளையாட்டுச் சாமான் வாங்கும்போது பட்டியலில் இரண்டு சின்ன பேட் சேருங்கள்.