இல்லமும் நீள்வட்ட நடைப்பொறியும்

அடி எழாமலே ஓடுதல் கூடுமோ என்று வினவுவார்க்குக் கூடும் என விடை பகர்வது எலிப்டிகல் டிரெய்னர் என்னும் உடற்பயிற்சிப் பொறியாம். கடைக்காரர் இதனைக் கிராஸ் டிரெய்னர் என்றும் வழங்குவர். கோள்கள் ஞாயிற்றை நீள்வட்டத்திற் சூழ்வன என்று கெப்ளர் 1609-இல் நிறுவியதைப் பௌதிக மாணவர் அறிவர். அத்துணை உயர்வின்றி, மாந்தர் அடியும் இப்பொறியில் ஏறத்தாழ அவ்வடிவிலேயே சுழல்கின்றது. ஆதலின் இக்கட்டுரையில் யாம் இதனை நீள்வட்ட நடைப்பொறி என்றே குறிப்போம். தமிழ் மாணவர்க்கு அவ்வளவு உரிமை உண்டன்றோ? அமெரிக்க நாட்டு வாஷிங்டன் மாநிலத்துப் ப்ரீகார் நிறுவனத்தார் 1995-ஆம் ஆண்டில் இதனைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். முதற்கண் பயிற்சிக் கூடங்களிலேயே இருந்த இது, உருவும் விலையும் குறைந்து, நம்மனோர் இல்லங்களிலும் புகுந்துளது. புகுந்தபின் அஃது என்ன தொழில் செய்கின்றது என்பதே வினா. சில இல்லங்களில் ஈரத்துணி உலர்த்துங் கொடியாக அது பணிபுரிதலைக் கண்டிருக்கின்றோம்.

யாம் இதனை ஆராயப் புகுந்தது வெறும் வேட்கையால் அன்று. தூத்துக்குடியில் வாழும் எம் அத்தையார்க்கு வயது 58. நீரிழிவு உண்டு, வலமுழங்காலில் தேய்வும் உண்டு. நாடோறும் நடத்தல் வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. தெருவிலோ வண்டிகளும் நாய்களும் மேடுபள்ளங்களும் மலிந்துள. ஒருமுறை இடறி விழுந்தபின் அவர் வாயிற்படி தாண்டுதற்கே அஞ்சினார். மாமா ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர். தம் ஓய்வூதியத்தினின்றும் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையைக்கொண்டு இப்பொறியை வாங்கிவிடலாம் என்று அவர் எண்ணினார். அத்தொகை வீணாயின் மீண்டுஞ் சேர்தல் அரிது. முழங்கால் மேலும் நலிவெய்தின் அதனை மீட்டல் அதனினும் அரிது. ஆதலின் கல்லூரி விடுமுறையில் யாமும், அத்தையார் மைந்தரும், பௌதிகம் பயிலும் விடுதி நண்பர் ஒருவரும், அத்தையாரையும் மாமாவையும் உடனழைத்துக்கொண்டு, கையில் அளவுநாடாவுடன் கடைகள் மூன்று ஏறி இறங்கினோம்.

காலுக்கு நேர்வது யாதென முதலிற் காண்போம். ஓடுவான் ஒருவன் அடியைத் தரையில் ஊன்றுந்தோறும் அவன் உடலெடையினும் இருமடங்கு முதல் மும்மடங்கு வரையுள்ள விசை காலிற் பாய்கின்றது. நடைப்பொறியிலோ மிதிபலகையினின்றும் அடி எழுவதேயில்லை. எழாத அடி மோதுவதும் இல்லை. மூட்டு நோயினர்க்கு இப்பொறியைப் பலரும் எடுத்துரைத்தற்குக் காரணம் இதுவே. எனினும் முழங்கால் இதன்கண் ஓய்ந்திருக்கின்றது என்று கருதற்க. உடலின் எடையைத் தாங்கியே அது மடங்கி நிமிர்கின்றது. தொடையின் முன்தசையும் நன்கு உழைக்கின்றது. ஆதலின் நோயுற்ற மூட்டுடையார் மருத்துவர் ஒப்புதலின்றி ஏறுதல் தகாது. அத்தையார்க்கு அவ்வொப்புதலைப் பெற்ற பின்னரே யாம் கடைக்குச் சென்றோம். தரையின் மோதலும் முற்றுந் தீயதன்று. எலும்பு வலுவோடிருத்தற்கு அதுவும் ஒரு துணை. கைப்பிடியைப் பற்றியே நிற்றலின், தள்ளாடாது நிற்கும் பழக்கத்தையும் இப்பொறி பெரிதாக வளர்ப்பதில்லை. பொறி வந்தது என்பதற்காக வீட்டினுள் உலாவுதலையும் விட்டுவிடலாகாது.

இனி அடி சுழலும் வகையை நோக்குவாம். பொறியின் ஒரு முனையிற் சக்கரமும், அதனோடு இணைந்த கிராங்க் என்னும் சுழல்கையும் உள. மிதிபலகையைத் தாங்கும் நீண்ட தண்டின் ஒரு தலை அச்சுழல்கையோடு சேர்ந்து முழுவட்டமிடும். மற்றைத் தலை சிறு உருளைமேல் அமர்ந்து, தண்டவாளம் போன்றதொரு கம்பியின்மீது முன்னும் பின்னும் ஓடும். ஒரு தலையில் வட்டம், மறுதலையில் நேர்கோடு. இரண்டிற்கும் இடைப்பட்ட மிதிபலகை, வட்டமும் ஆகாது கோடும் ஆகாது, நீள்வட்டத்தை ஒத்த வடிவினை வரைகின்றது. சுழல்கையின் நீளம் 9 அங்குலமாயின் அதன் வட்டத்தின் விட்டம் 18 அங்குலம். மிதிபலகை தண்டின் நடுவில் அமையின், அடி செல்லும் நீளம் ஏறத்தாழ 18 அங்குலமும் எழும் உயரம் 9 அங்குலமும் ஆகும். பலகையை உருளையின் பக்கமாக நகர்த்தினால் உயரம் குறையும். நீளம் பெரிதும் மாறாது. எம் நண்பர் இதனைக் கடைக்காரர் தந்த விலைத்தாளின் புறத்தே வரைந்து காட்டினார். ஆகவே இவ்வகைப் பொறியிற் சுழல்கை குறுகின் அடிநீளமும் குறுகும் என்பது தெளிவு. சிற்றறையில் அடங்குமாறு மிகச் சிறிதாகச் செய்த பொறியில் நீண்ட நடையை எதிர்பார்த்தல் கூடாது.

இவ்வடிநீளமே யாம் முதலில் அளந்தது. முதற்கடைப் பொறியில் அது 12 அங்குலம். அதில் ஏறிய அத்தையார் மைந்தர் ஆறடி ஓரங்குல உயரமுடையவர்; நடப்பவராகத் தோன்றாது, நின்றவிடத்தே நெல்லுமி மிதிப்பவராகத் தோன்றினார். பொறியும் அவரோடு சேர்ந்து ஆடியது. மூன்றாங் கடையில் விலைமிக்க பொறியொன்று இருந்தது. அடிநீளம் 20 அங்குலம். அதில் ஏறியதும் அவர் முகம் மலர்ந்தது. வாங்கினால் இதனையே வாங்குதல் வேண்டும் என்றார். அத்தையாரோ ஐந்தடி ஓரங்குலமே உள்ளவர். அவர் ஏறியபோது அடி முன்செல்ல இடுப்பும் உடன் சென்றது. பின்செல்லுங்கால் குதிகால் பலகையை விட்டு மிக எழுந்தது. ஐந்து நிமிடத்தில் இடுப்பு நோகின்றது என்று இறங்கிவிட்டார். இடையிற் கண்ட கடையில் 16 அங்குலப் பொறி ஒன்றில் அவர் நிமிர்ந்து நின்று, எம்மோடு பேசிக்கொண்டே, பதினைந்து நிமிடம் நடந்திருந்தார். அதில் இரு மிதிபலகைகளும் ஒன்றையொன்று அணுகி இருந்தமையும் ஒரு நன்மை. பலகைகள் அகன்றிருப்பின் கால்களை விரித்தே நடத்தல் வேண்டும். அஃது இடுப்பு மூட்டுக்கு வருத்தந் தரும்.

மைந்தர் தம் கருத்தை எளிதில் விட்டாரல்லர். பெரிய பொறியே உறுதியானது, குடும்பத்தார் யாவர்க்கும் பயன்படும் என்று வாதித்தார். மாமா சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "உனக்குத் தெரு இருக்கிறது, தம்பி; உன் அம்மாவுக்கு இதுதான் தெரு" என்றார். அவ்வளவில் அவ்வாதம் நின்றது.

கடைக்காரர் மூவரும் ஒரே பல்லவியைப் பாடினர். ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தின் எடையே பொறியின் சிறப்பு என்பது அது. அச்சக்கரம் அடியின் முயற்சியைத் தன்பாற் சேமித்து வைத்து, அடி தளருமிடத்திற் கொடுத்து, நடையை ஒழுக்காக்குகின்றது என்பது உண்மையே. ஆனால் அது சேமிக்கும் ஆற்றல் எடையை மட்டும் பொறுத்ததன்று. சக்கரம் இருமடங்கு கனத்தால் ஆற்றல் இருமடங்காகும். இருமடங்கு விரைந்து சுழன்றாலோ நான்மடங்காகும். எடை அச்சினருகே திரண்டுள்ளதா விளிம்பில் நிற்கின்றதா என்பதும் ஒரு கணக்கு. ஆதலின் 6 கிலோச் சக்கரம் 9 கிலோச் சக்கரத்தினும் நன்றாய் ஓடுதலும் உண்டு. இதனை அறியத் தாளில் அச்சிட்ட எண் வேண்டா. மிக மெதுவாக மிதித்துப் பார்த்தலே போதும். சுழற்சியின் உச்சியிலும் அடியிலும் கால் தயங்கித் தள்ளுண்டால் அப்பொறி ஆகாது. பின்னோக்கியும் மிதித்துப் பார்த்தல் வேண்டும்.

நடைக்குத் தடை கொடுப்பது காந்தம். உலோகச் சக்கரம் காந்தத்தின் அருகே சுழலுங்கால் அவ்வுலோகத்திற் சுழல் மின்னோட்டங்கள் பிறந்து சுழற்சியைத் தடுக்கும். இதனைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ 1855-இற் கண்டார். திருகைத் திருப்பினால் காந்தம் அணுகும், தடை மிகும். ஒன்றோடொன்று உராய்தல் இன்மையின் தேய்வும் ஓசையும் குறைவு. கையாற் திருப்பும் இவ்வகைப் பொறிக்கு வீட்டு மின்சாரமும் வேண்டா. எண்காட்டும் முகப்பிற்கு மட்டும் இரண்டொரு பாட்டரி வேண்டும். மின்வெட்டு நேரத்திலும் ஓடும்.

அம்முகப்பினைப் பற்றிச் சிறிது கூறி விடுவோம். அதற்கு மேல் அது தகுதியுடையதன்று. அத்தையார் எடை 64 கிலோ, மைந்தர் எடை 82 கிலோ. இருவரும் ஒரே தடையில், ஒரே விரைவில், பத்து நிமிடம் மிதித்தனர். எரிந்த கலோரி என்று முகப்பு காட்டியது இருவர்க்கும் ஒரே எண்! அஃது எவர் எடையையும் கேட்டதன்று. சக்கரத்தின் சுற்றுக்களை எண்ணி, ஒரு மாறா எண்ணாற் பெருக்கிக் காட்டியது, அவ்வளவே. உடலியக்கங்களை வகுத்து 2011-இல் வெளிவந்த ஆங்கிலத் தொகுப்பொன்றில் இப்பொறியில் மிதமாக நடத்தற்கு 5 மெட் என்று மதிப்பிட்டுள்ளனர். ஒரு மெட் என்பது கிலோ ஒன்றுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கலோரி. அக்கணக்கின்படி அத்தையார் அரைமணி நடந்தால் 160 கலோரி; மைந்தர்க்கு 205. உழைப்பின் அளவறிதற்கு இதனினும் எளிய வழி உண்டு. நடந்துகொண்டே பேச இயலவேண்டும், பாட இயலலாகாது. அதுவே மிதமான உழைப்பு.

இனி வீட்டை அளத்தல் வேண்டும். பொறி கிடக்கும் இடத்தை மட்டும் அளந்து, தலைக்கு மேலுள்ள இடத்தை மறந்துவிடுவார் பலர். மிதிபலகை உச்சிக்கு வருங்கால் தரையினின்று 15 அங்குலம் உயர்ந்திருப்பின், அதன்மேல் நிற்பவரும் அவ்வளவு உயர்வர். மைந்தர் ஏறினால் அவர் தலை 88 அங்குலத்தில், அஃதாவது 7 அடி 4 அங்குலத்தில் நிற்கும். மாமா வீட்டுக் கூடத்தில் மின்விசிறியின் இறக்கைகளோ 7 அடி 9 அங்குலத்திற் சுழல்வன. இடைவெளி ஐந்தங்குலம்! வியர்வை துடைக்கக் கையை உயர்த்தினால் என்னாகும் என்பதை எண்ணவும் அஞ்சினோம். ஆதலின் பொறியை விசிறியின் கீழ் வையாது சன்னலோரம் வைப்பதெனத் துணிந்தோம். பின்புறத்தில் தண்டுகள் ஓடுதற்கும், ஏறி இறங்குதற்கும் இரண்டடியேனும் வெறும் இடம் வேண்டும். சேலை உடுப்பார்க்கு ஒன்று சொல்லுவோம்: சுழல்கையும் உருளையும் கணுக்கால் அருகே இயங்குதலின் கொசுவத்தின் கீழோரம் அவற்றிற் சிக்குதல் எளிது. பூட்ஸும் கணுக்காலுக்கு மேல் நிற்கும் உடையுமே தக்கன. முதலில் வெட்கினும், அத்தையார் மகளின் சல்வாரை வாங்கி உடுத்துக்கொண்டார். சிறுவர் உள்ள வீட்டில் அவர் விரல்களுக்கும் அஞ்சுதல் வேண்டும். மிதிப்பவர் நின்றபின்னும் சக்கரம் சிறிதுநேரம் சுழலும்.

பொறியின் மீது ஒட்டிய சீட்டையும் படித்தல் நன்று. ஐ.எஸ்.ஓ. 20957 என்னும் உலகத் தரவிதியின்படி செய்தவற்றில் எச் என்ற எழுத்து வீட்டுப் பயன்பாட்டையும், எஸ் என்பது பயிற்சிக் கூடங்களின் பயன்பாட்டையும் குறிக்கும். ஏ, பி, சி என்பன அளவுகளின் திருத்தத்தைக் குறிப்பன; சி கடைப்பட்டது. எச்சும் சியும் சேர்ந்திருப்பின் முகப்பு எண்களை நம்பற்க என்று செய்தவரே ஒப்பியவாறாம். தாங்கும் எடையின் எல்லையும் அச்சீட்டில் உண்டு. எல்லையை ஒட்டி நில்லாது, ஏறுவார் எடையினும் இருபது கிலோவேனும் மிக்குள்ளதைக் கொள்வதே பொறி ஆடாமைக்கு வழி.

முடிவில் 16 அங்குலப் பொறியே வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிப்படி வயதுவந்தோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளேனும் தசை வலுப்பெறும் பயிற்சியும் வேண்டும். அத்தையார் முதல் வாரம் நாளொன்றுக்கு எட்டு நிமிடம், அடுத்த வாரம் பன்னிரண்டு நிமிடம் எனத் தொடங்கினார். தாழ்ந்து நிற்கும் பலகையின்மீதே முதலடி வைப்பதும், அசையாக் கைப்பிடியைப் பற்றியே ஏறுவதும், சக்கரம் முற்றும் நின்றபின்னரே இறங்குவதும் அவர்க்கு இப்போது பழக்கமாகிவிட்டன. தூத்துக்குடிக் கடற்காற்றின் உப்பும் வியர்வையின் உப்பும் சேர்ந்து கம்பியைத் துருவேற்றாதிருக்க, ஒவ்வொரு நாளும் உலர்ந்த துணியால் உருளை ஓடும் தடத்தை அவரே துடைக்கின்றார். முதல் திங்களிற் கிறீச்சென்று ஓர் ஒலி எழுந்தது. திருகுகள் தளர்ந்தமையே காரணம். முறுக்கியதும் ஒலி நின்றது. மாமா இப்போது ஸ்பானரைப் பொறிக்கு அருகே ஓர் ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கின்றார்.