‘பார்க்கலாங்க’ என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

கோயம்புத்தூர் கணபதி பக்கத்தில் சிறியதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்புக்குத் தேவையான ஷாப்ட், புஷ் போன்றவற்றைக் கடைந்து கொடுப்பது தொழில். பில் போடுவதற்கும் மகளின் படிப்புக்கும் என்று வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். அதிலேயே நான் இங்கிலீஷ் பேசப் பழகுவேன் என்று அப்போது நினைக்கவில்லை. ஓர் ஆர்டர் கை நழுவிப் போனதால் அந்த நிலை வந்தது.

தெரிந்தவர் ஒருவர் மூலம் என் நம்பர் கென்யாவில் இருக்கும் ஒரு வியாபாரிக்குக் கிடைத்திருந்தது. டிராயிங்கை மெயிலில் அனுப்பிவிட்டு போனில் கூப்பிட்டார். நான் எடுத்தவுடன் ‘டெல் மீ சார்’ என்றேன். டிராயிங்கில் ஓர் அளவு தெளிவாக இல்லை. ‘ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிராயிங்’ என்றேன். சாம்பிளை 20ஆம் தேதிக்குள் தர முடியுமா என்று கேட்டார். செய்து கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் ‘வி வில் சீ சார்’ என்றேன். ‘ஓகே, தேங்க் யூ’ என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. டிராயிங் மீதும் தேதி மீதும் உங்களுக்கு உறுதி இல்லாததால் வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்.

என் மகள்தான் அதைப் படித்துச் சொன்னாள். ‘நீங்க மரியாதையாத்தான் பேசுனீங்கப்பா. ஆனா அவருக்கு அப்படிக் கேக்கலைங்க’ என்றாள்.

இலக்கணத்தில் தவறில்லை!

நான் பேசிய மூன்று வாக்கியங்களையும் பாருங்கள். பள்ளிக்கூட வாத்தியார் சிவப்பு மையில் சுழிக்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றும் தமிழில் நினைத்து இங்கிலீஷில் சொன்னவை. ‘சொல்லுங்க’ என்பது நம்மிடம் பணிவான பேச்சு. ‘டெல் மீ’ என்று அதையே சொன்னால் அதட்டுவது போல் கேட்கும். ‘ஒரு சந்தேகம்’ என்றால் நமக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரர் காதில் ‘டவுட்’ என்பது நம்பிக்கைக் குறைவு. ‘பார்க்கலாங்க’ என்பது நம்மூரில் பாதி சம்மதம். ‘வி வில் சீ’ என்பது அவருக்குத் தட்டிக் கழிக்கும் பதில்.

நம் கொங்குத் தமிழில் மரியாதை முழுவதும் ஒரு ‘ங்க’வில் அடங்கிவிடுகிறது. ‘கொடு’ என்பதை ‘கொடுங்க’ என்றால் போதும். ‘இல்லை’ என்பதை ‘இல்லீங்க’ என்றால் மறுப்பும் இனிப்பாகிவிடும். இங்கிலீஷில் இந்த ‘ங்க’ கிடையாது. அந்த இடத்தை நிரப்பத்தான் நாம் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘சார்’ போடுகிறோம். அவர்கள் அந்த வேலையை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறார்கள். ‘சென்ட் தி டிராயிங் சார்’ என்பதைவிட ‘குட் யூ சென்ட் மீ தி டிராயிங்?’ என்பதில்தான் ‘ங்க’ இருக்கிறது. ‘நாட் பாசிபிள் சார்’ என்பதைவிட ‘ஐம் அஃப்ரெய்ட் வி கான்ட் டூ தட்’ என்பதில்தான் ‘முடியாதுங்க’ இருக்கிறது. இங்கே ‘அஃப்ரெய்ட்’ என்றால் பயம் அல்ல, ‘மன்னிக்கணுங்க’ என்று பொருள்.

இன்னொரு விஷயம். காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்குப் போய் ‘எனக்கு ஒரு தேநீர் வழங்குங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். டீ கிடைக்கும், ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ‘அண்ணா, ஒரு டீங்க’ என்பதுதான் பேச்சு. நாம் பாடப்புத்தகத்தில் படித்தது அந்த ‘தேநீர் வழங்குங்கள்’ இங்கிலீஷ். பேச்சு இங்கிலீஷைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

நான் பழகிய எட்டு

தினமும் தேவைப்படும் எட்டு இடங்களை மட்டும் நோட்பேடில் டைப் செய்து வைத்துக்கொண்டேன். நீங்களும் இதிலிருந்து தொடங்கலாம்.

1. போனை எடுத்ததும் ‘சொல்லுங்க’: ‘டெல் மீ’ வேண்டாம். ‘ஹலோ, ஹவ் கேன் ஐ ஹெல்ப்?’

2. ‘ஒரு சந்தேகங்க’: ‘டவுட்’ வேண்டாம். ‘கேன் ஐ ஜஸ்ட் செக் ஒன் திங்?’

3. ‘பார்த்துச் சொல்றேங்க’: ‘லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ பை ஃபோர்.’ நேரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் இதற்கு மதிப்பு. சொன்ன நேரத்தில் கூப்பிடவும் வேண்டும்.

4. ‘முடியாதுங்க’: ‘ஐம் அஃப்ரெய்ட் வி கான்ட் டூ தட்.’ அடுத்து, முடிந்ததைச் சொல்லவும்: ‘பட் வி கேன் டூ இட் பை மண்டே.’

5. ‘கேக்கலைங்க, இன்னொருக்கா சொல்லுங்க’: ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’ லைன் விட்டு விட்டு வந்தால் ‘சாரி, யூ ஆர் பிரேக்கிங் அப்.’

6. ‘சரிங்க, சரிங்க’: எதிரில் இருப்பவர் பேசும்போது நாம் ‘ஓகே ஓகே’ என்று சொல்லிக்கொண்டே இருப்போம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது நம் பொருள். விலை பேசும்போது அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடும். கேட்பதற்கு ‘ஐ சீ’ அல்லது ‘ரைட்’. சம்மதத்துக்கு மட்டும் ‘தட் வொர்க்ஸ் ஃபார் அஸ்.’

7. ‘சாப்டாச்சுங்களா?’: நமக்கு நலம் விசாரிப்பு. பழகாதவருக்கு, விருந்துக்குக் கூப்பிடுகிறாரோ என்று தோன்றும். ‘ஹவ் ஆர் யூ டூயிங்?’ போதும். அவர் முதலில் கேட்டால் ‘குட், தேங்க்ஸ். ஹவ் அபௌட் யூ?’

8. ‘வச்சிர்றேங்க’: சட்டென்று வைக்காமல் ‘தேங்க்ஸ் ஃபார் காலிங். டாக் டு யூ சூன்.’

இதற்காக நம்மூர் இங்கிலீஷ் மட்டம் என்று நினைக்க வேண்டாம். கூட்டத்தை முன்கூட்டி வைப்பதற்கு நாம் சொல்லும் ‘ப்ரீபோன்’ என்ற சொல்லை ஆக்ஸ்போர்டு அகராதியே சேர்த்துக்கொண்டது. டெல்லியிலோ பெங்களூரிலோ ‘டவுட்’ என்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

கம்ப்யூட்டரில் பயிற்சி

முதலில் மைக். லேப்டாப்பில் மைக் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இருக்காது. மொபைல் போனுக்கான ஒற்றை பின் ஹெட்போனை, பச்சை, பிங்க் என்று இரண்டு துளை உள்ள கம்ப்யூட்டரில் செருகினால் சத்தம் கேட்கும், மைக் வேலை செய்யாது. யூஎஸ்பி ஹெட்செட் ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கேட்பது: யூடியூபில் பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் சேனலைத் தேடவும். பிபிசி 1943லேயே ரேடியோவில் ஆங்கிலப் பாடம் நடத்தத் தொடங்கிய நிறுவனம். அதில் ‘6 மினிட் இங்கிலீஷ்’ என்ற நிகழ்ச்சி ஆறு நிமிட உரையாடல். அவர்களுடைய வெப்சைட்டில் பேச்சு முழுவதும் எழுத்திலும் கிடைக்கிறது. வேகமாக இருந்தால், வீடியோவின் கீழே உள்ள சக்கரப் படத்தில் கிளிக் செய்து, பிளேபேக் ஸ்பீட் என்பதில் 0.75 தேர்ந்தெடுக்கவும். கீபோர்டில் ‘ஜே’ கீயை அழுத்தினால் 10 விநாடி பின்னால் போகும். ‘சி’ கீயை அழுத்தினால் எழுத்து வரும். முதலில் எழுத்தில்லாமல் கேளுங்கள். பிறகு எழுத்தோடு பாருங்கள்.

ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்க வேண்டும் என்றால் கூகுள் டிரான்ஸ்லேட் போதும். வாக்கியத்தை டைப் செய்து ஸ்பீக்கர் படத்தில் கிளிக் செய்திடவும். மறுபடி கிளிக் செய்தால் மெதுவாகச் சொல்லும். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் 2011இல் வந்தது. நாளுக்கு நாள் நன்றாக மொழிபெயர்க்கிறது. ஆனால் நம் ‘ங்க’வில் இருக்கும் மரியாதை அப்படியே வந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

பேசுவது: இதுதான் எனக்கு அதிகம் உதவியது. விண்டோஸ் 11இல் நோட்பேடைத் திறந்து, விண்டோஸ் கீயையும் ‘ஹெச்’ கீயையும் சேர்த்து அழுத்தவும். சிறிய மைக் பெட்டி வரும். இதற்கு இன்டர்நெட் இணைப்பு வேண்டும். நீங்கள் பேசுவது எழுத்தாக விழும். தமிழ் கீபோர்டு தேர்வில் இருந்தால் விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ்பாரைத் தட்டி இங்கிலீஷுக்கு மாற்றிக்கொள்ளவும்.

முதல் நாள் ‘வி கேன் டூ இட்’ என்று சொன்னேன். திரையில் ‘கான்ட்’ என்று விழுந்தது! முடியும் என்கிறேன், முடியாது என்று எழுதுகிறது. மைக் கோளாறு என்று நினைத்து மாற்றிப் பார்த்தேன். காரணம் என் வாயில்தான் இருந்தது. இங்கிலீஷ் பேச்சில் ‘கேன்’ என்பதை அழுத்த மாட்டார்கள். ‘வி கன் டூ இட்’ என்று விழுங்கிவிட்டு ‘டூ’வை அழுத்துவார்கள். ‘கான்ட்’ வரும்போது அதைத்தான் அழுத்துவார்கள். நாம் எல்லாச் சொல்லையும் ஒரே அழுத்தத்தில் சொல்கிறோம். ‘கேன்’ என்று அழுத்தினால் கேட்பவருக்கு ‘கான்ட்’டோ என்று குழப்பம் வந்துவிடும். கென்யாக்காரரிடம் இப்படி எத்தனை முறை ‘முடியும்’ என்றேனோ!

ஒன்றைக் கவனிக்கவும். இந்த வசதி முன்பின் சொற்களைப் பார்த்து ஊகித்தும் எழுதும். நாம் தவறாகச் சொன்னதையும் சில நேரம் சரியாக எழுதிவிடும். எனவே சிறு சிறு வாக்கியமாகச் சோதித்துப் பாருங்கள்.

பதிவு செய்வது: விண்டோஸ் 11இல் சவுண்ட் ரெக்கார்டர் புரோகிராம் உள்ளது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் வாய்ஸ் ரெக்கார்டர் என்று தேடவும். எட்டு வாக்கியங்களையும் பதிவு செய்து, தேதி போட்டு ஒரு போல்டரில் சேமிக்கவும். நம் குரலை நாமே கேட்க முதலில் கூச்சமாக இருக்கும். ஒரு மாதம் கழித்து முதல் பைலையும் கடைசிப் பைலையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

உரையாடுவது: 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற ஏஐ வசதிகளில் குரலிலேயே பேசலாம். ‘நீங்கள் பம்ப் உதிரிபாகம் வாங்குபவர். என்னிடம் விலை கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம் மட்டும். கடைசியில் என் தவறுகளைச் சொல்லுங்கள்’ என்று தொடங்கவும். எத்தனை முறை திக்கினாலும் அது சலித்துக்கொள்ளாது. உண்மையான வாடிக்கையாளர் பெயர், விலை, டிராயிங் எதையும் அதில் கொடுக்க வேண்டாம்.

உச்சரிப்பு வெள்ளைக்காரர் போல் வர வேண்டியதில்லை. திருப்பூர் பனியன் ஏற்றுமதி 1970களின் பிற்பகுதியில் சூடு பிடித்தது இத்தாலியில் இருந்து வந்த வியாபாரிகளால். வாங்க வந்தவருக்கும் விற்றவருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. ஆனாலும் வியாபாரம் நடந்தது. சொன்னது எதிரில் இருப்பவருக்கு விளங்க வேண்டும், மரியாதை போய்ச் சேர வேண்டும். அது போதும்.

மறுபடி வந்த போன்

தினமும் இரவு பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து 15 நிமிடம் உட்காருவேன். மகள் சில நாள் வாடிக்கையாளராக நடிப்பாள். ‘இன்னும் சார் போடறீங்கப்பா’ என்று சிரிப்பாள்.

ஏழெட்டு மாதம் கழித்து அதே கென்யாக்காரர் கூப்பிட்டார். கொடுத்த இடத்தில் தாமதமாம். நெஞ்சு படபடத்தது. நோட்பேடில் உள்ள பட்டியலைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டேன். நடுவில் லைன் விட்டு விட்டு வந்தது. முன்பென்றால் ‘ஓகே ஓகே’ என்று தலையாட்டியிருப்பேன். இந்த முறை ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’ என்றேன். அவர் திருப்பிச் சொன்னார், கொஞ்சம் மெதுவாக. தேதி கேட்டபோது ‘லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ பை ஃபோர்’ என்றேன். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கூப்பிட்டேன்.

ஆர்டர் வந்ததா என்று கேட்பீர்கள். 40 சாம்பிள் கேட்டிருக்கிறார். அது பிடித்தால்தான் மீதி.

மகளிடம் சொன்னேன். ‘பெரிய ஆர்டர் வருங்களாப்பா?’ என்றாள்.

‘பார்க்கலாங் கண்ணு’ என்றேன்.