காலுக்கும் கிளச்சுக்கும் இடையே

மோட்டார் வண்டியின் பொறிகளோடு பழகியவர்களிடையே, ஒட்டோமற்றிக் கியர் பூட்டிய வண்டியைக் கையாற் கியர் மாற்றும் வண்டியாக ஆக்கிக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பழுதடைந்த ஒட்டோமற்றிக் பெட்டியைத் திருத்தும் செலவுக்கு அஞ்சிச் சிலர் இதனைச் செய்கின்றனர். ஓட்டுதலில் உள்ள இன்பத்தை நாடிச் சிலர் செய்கின்றனர். அவர்களுடைய கவனமெல்லாம் கியர்ப்பெட்டி முதலிய பெரிய உறுப்புக்களிலேயே செல்வது இயல்பு. ஆயினும், வேலை முடிந்து வண்டி தெருவில் இறங்கும்போது அவர்களை அலைக்கழிப்பது, பெரும்பாலும் ஒரு பென்சிலிலும் மெல்லிய குழாயேயாகும். கிளச்சுக்குச் செல்லும் அக்குழாயைப் பற்றி நேயர்களுடன் இன்று பேச எண்ணுகிறேன்.

கிளச்சின் தொழில் யாது? எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் வேண்டும்போது பிரிப்பதும், வேண்டும்போது சேர்ப்பதுமே அதன் தொழில். எஞ்சினோடு சுழலும் பாரச்சில்லின்மீது ஒரு தட்டை வலிய வில்லொன்று அழுத்திப் பிடித்திருக்கிறது. ஓட்டுநர் கிளச்சை மிதிக்கும்போது அவ்வில்லின் பிடி தளர்கிறது, தட்டு விடுபடுகிறது, கியரை மாற்ற முடிகிறது. ஒட்டோமற்றிக் வண்டியிலோ எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே எண்ணெயிற் சுழலும் விசிறிகள் உள்ளன. அவை எண்ணெயினூடே வழுக்கிச் சுழல வல்லவை; ஆதலின் கிளச்சு மிதியும் அங்கில்லை, அதற்குரிய குழாயும் இல்லை. வண்டியை மாற்ற முனைபவர் இவ்விரண்டையும் புதிதாக அமைத்தல் வேண்டும்.

இவ்வமைப்பின் அடிப்படை, பிரான்சு நாட்டு அறிஞர் பஸ்கால் கண்டுரைத்த விதியாகும். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663இல் அவருடைய நூல் வெளிவந்தது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம், குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பதே அவ்விதி. இரண்டு பீச்சாங்குழல்களில் நீர் நிரப்பி, அவற்றின் வாய்களை ஒரு குழாயால் இணைத்து, ஒன்றை அழுத்தினால் மற்றையதன் தண்டு வெளியே தள்ளப்படுவதைச் சிறுவரும் செய்து பார்க்கலாம். கிளச்சிலும் அதுவே நிகழ்கிறது. மிதியோடு சேர்ந்திருப்பதைக் கராச்சில் மாஸ்ரர் சிலிண்டர் என்பர். கியர்ப்பெட்டியோடு சேர்ந்திருப்பதைச் சிலேவ் சிலிண்டர் என்பர். நாம் மேற்சிலிண்டர், கீழ்ச்சிலிண்டர் என்றே கொள்வோம்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மேற்சிலிண்டரின் விட்டம் 16 மில்லிமீற்றர், கீழ்ச்சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீற்றர் என்க. அவற்றின் பரப்புக்கள் 16க்கு 25 என்ற விகிதத்தில் அமையும். மேல் முசலம் 25 மில்லிமீற்றர் நகர்ந்தால் கீழ் முசலம் 16 மில்லிமீற்றரே நகரும். ஆனால் விசை ஒன்றரை மடங்கிற்குச் சற்று மேலாகப் பெருகும். தூரத்தைக் கொடுத்து விசையைப் பெறும் பண்டமாற்று இது. ஆகவே கைக்கு அகப்பட்ட சிலிண்டர்களை இணைத்துவிடல் தகாது. மேற்சிலிண்டர் அளவுக்கு மிஞ்சிப் பெருத்தால் மிதி கல்லாகக் கனக்கும். அளவுக்கு மிஞ்சிச் சிறுத்தால் கிளச்சு முற்றாகப் பிரியாது.

இன்னுமொன்றையும் இக்கணக்கு உணர்த்துகிறது. ஒருமுறை மிதிக்கும்போது குழாயில் நகரும் திரவம் ஏறக்குறைய 5 கன சதமமீற்றர்தான். அதாவது ஒரு தேக்கரண்டியளவு. திரவம் அமுக்கத்திற் சுருங்குவதில்லை என்றே கொள்ளலாம். காற்றோ வெகுவாகச் சுருங்கும். குழாயில் 1 கன சதமமீற்றர் காற்றுக் குமிழி தங்கிவிட்டால், ஓட்டுநரின் உழைப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அக்குமிழியைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். கீழ் முசலம் 16 மில்லிமீற்றருக்குப் பதிலாக 13 மில்லிமீற்றரளவே நகரும். கிளச்சு அரைகுறையாகப் பிரியும். கியர் கரகரவென்று அரையும். புதிதாகப் பூட்டிய கியர்ப்பெட்டியைப் பலர் இதனாலேயே வீணிற் பழிக்கின்றனர்.

இனி, மாற்றும் வேலையின் மிக நுட்பமான கட்டத்துக்கு வருவோம். 1990களில் ஜெர்மனியில் உற்பத்தியான பி.எம்.டபிள்யூ. மூன்றாம் வரிசை வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் கிளச்சுக்கெனத் தனித் திரவக் கிண்ணம் கிடையாது. பிறேக் திரவம் நிற்கும் கிண்ணத்தின் பக்கத்திலுள்ள ஒரு முனையிலிருந்தே மேற்சிலிண்டருக்கும் திரவம் செல்கிறது. ஒட்டோமற்றிக் வண்டியில் அம்முனை அடைக்கப்பட்டிருக்கும். அம்முனையைக் கிண்ணத்தின் அடியில் வையாது உயரத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கிளச்சுக் குழாய் ஒழுகித் திரவம் இறங்கினாலும், அம்முனையின் மட்டத்துக்குக் கீழே உள்ள திரவம் பிறேக்குக்கு எஞ்சி நிற்கும். கிளச்சு பழுதானாலும் வண்டியை நிறுத்தலாம். இதனை அறியாது கிண்ணத்தின் கீழ்ப்பகுதியிற் புதுத்துளை இடுபவர், கிளச்சின் ஒழுக்கைப் பிறேக்கின் அழிவாக மாற்றிவிடுகிறார். அடைபட்ட முனையை அங்கேயே துளைப்பதிலும் இடருண்டு. பிளாஸ்ரிக் துகள்கள் உள்ளே வீழ்ந்து பிறேக்கின் நுண்ணிய வால்வுகளைச் சென்றடையலாம். கைக்கியர் வண்டிக்குரிய கிண்ணத்தையே பெற்றுப் பூட்டுதல் சாலச் சிறந்தது.

திரவத்தின் தெரிவும் அத்தகையதே. ஒட்டோமற்றிக் பெட்டியின் எண்ணெய் கனிய எண்ணெய் இனத்தது. அதில் ஒரு சிறிதளவு இக்கிண்ணத்திற் கலப்பினும், பிறேக்கிலுள்ள இறப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகும். பழைய பெட்டியைக் கழற்றிய கையோடும், அதே புனலோடும் இவ்வேலையைத் தொடுதல் கூடாது. டொட் 4 என்னும் பிறேக் திரவம் புதிதாயிருக்கையிற் குறைந்தது செல்சியஸ் 230 பாகை வரை கொதியாது, நூற்றுக்கு 3.7 பங்கு நீரை உறிஞ்சிய பின்னரோ 155 பாகை வரையே அதற்கு உறுதி கூறலாம். ஆதலின் பாதி தீர்ந்து நெடுநாள் திறந்திருந்த போத்தலை நாட வேண்டாம்.

குழாய்க்கு உருக்கோ, செம்பு நிக்கல் கலந்த உலோகமோ ஏற்றது. தனிச் செம்பு அதிர்வினால் இறுகி வெடிக்கும். எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளில் அமர்ந்து அசைவதனால், குழாயின் ஒரு பகுதி வளையும் ஹோசாக இருத்தல் வேண்டும். புகைபோக்கியின் வெப்பம் அதனை அணுகலாகாது. பொருத்து மறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்: 3/8 அங்குல ஆணி 10 மில்லிமீற்றர் மறைக்குள் தளர்வாகப் புகும், பொருந்தியது போலத் தோன்றி, அமுக்கத்தில் ஒழுகும்.

இறுதியிற் காற்றை வெளியேற்றுதல். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் கீழ்ச்சிலிண்டரின் திருகைச் சிறிது திறந்து, மூடியபின் மிதியை விடச் சொல்லுதல் வழமையான முறை. இடையிற் கிண்ணம் வற்றினால் பிறேக்கிலும் காற்றுப் புகும். குழாய் எங்கேனும் மேல்நோக்கி வளைந்திருப்பின், அவ்வளைவிற் குமிழி ஒளிந்துகொள்ளும். அவ்வாறாயின் கீழ்ச்சிலிண்டரைக் கழற்றி, அதன் முசலத்தை மெல்ல உள்ளே தள்ளிக் காற்றை மேலே கிண்ணத்துக்கே அனுப்புவர் அனுபவமுள்ளோர்.

வேலை முடிந்ததும் வண்டியை உடனே தெருவுக்கு எடுத்துச் செல்லற்க. நின்ற நிலையிலேயே பிறேக்கைப் பலமுறை மிதித்து, அது உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். ஓரிரவு கழித்துக் கிண்ணத்தின் மட்டத்தையும், ஒவ்வொரு பொருத்தின் அடியையும் மீண்டும் பாருங்கள். கிளச்சு பிரியாவிட்டால் வண்டி வீட்டு வாயிலிலேயே நின்றுவிடும். பிறேக் பிடியாவிட்டால் அது நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. இரண்டுக்கும் திரவம் ஒரே கிண்ணத்திலிருந்து செல்கிறது என்பதை மறவாதிருப்போமாக.