கரன்ட் வைத்த பிறகு பி.எஸ்.ஏ. எப்படி இறங்குகிறது?

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் ‘கரன்ட்’, அதாவது கதிர்வீச்சு, வைத்து முடித்தவர், மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கலங்கிப்போவது உண்டு. ஆபரேஷன் செய்துகொண்ட நண்பருக்கு பி.எஸ்.ஏ. அநேகமாகப் பூஜ்யம், தனக்கு மட்டும் இரண்டில் நிற்கிறதே என்று. இந்த இரண்டையும் ஒப்பிடவே கூடாது. ஏன் என்று பார்க்க விறகடுப்புப் பக்கம் போவோம்.

முதலில் பி.எஸ்.ஏ. இது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கிறது. அடுப்புப் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல விறகும் புகையும், ஈர விறகும் புகையும். அதேபோல நல்ல செல், புற்றுச் செல் இரண்டுமே இதைச் சுரக்கும்.

ஆபரேஷன் என்பது அடுப்பையே வெளியே தூக்கிப் போடுவது. பிறகு வீட்டில் மிஞ்சிய புகை கலைந்தால் போதும். சில வாரங்களில் கலைந்துவிடும். கதிர்வீச்சில் அடுப்பு உள்ளேயே இருக்கிறது. கதிர் செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. ஆனால் அடிபட்ட செல் பெரும்பாலும் உடனே சாவதில்லை. அடுத்து இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் சாகிறது. இந்தச் செல்களோ பிரிவதில் மகா சோம்பேறிகள். அதனால் தணல் ஆறுவதுபோல பி.எஸ்.ஏ. ஒன்றரை, இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் இறங்கிக்கொண்டிருக்கும். அது தொடும் மிகக் குறைந்த எண்தான் அடிமட்டம்.

நடுவில் குபுக்கென்று ஒரு புகை எழலாம். சிலருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் எண் சற்று ஏறி, மருந்தே இல்லாமல் இறங்கிவிடும். அப்படியானால் மறுபடி தீப்பிடித்ததாக எப்போது கொள்வது? 2005-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கூடிய நிபுணர்கள் கணக்கு ஒன்று வகுத்தார்கள்: அடிமட்டத்துக்கு மேல் 2 நானோகிராம். அடிமட்டம் 0.4 என்றால் 2.4. ஆபரேஷன் ஆனவர்களுக்கோ 0.2-ஐத் தொட்டாலே கவலை. ஆகவே ஒரே எண், சிகிச்சையைப் பொறுத்து வேறு பொருள் தரும்.

டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஹார்மோன் ஊசியும் போட்டிருந்தால், அது அடுப்பின் மேல் கவிழ்த்த மூடி. ஊசி வேலை செய்யும்வரை புகை தெரியாது. நிறுத்தியபின் கொஞ்சம் கிளம்பும். அதனால்தான் டாக்டர் டெஸ்டோஸ்டிரோன் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்.

இப்போது டாக்டர் விஷயம். ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் தெரிந்த டாக்டருக்கெல்லாம் அனுப்பிக் குழம்புவது நம் வழக்கம். முதல் ஐந்து ஆண்டுகள் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை இருக்கும். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். கருவி மாறினால் எண்ணும் சற்று மாறும். பிறகு எல்லா எண்களையும் தேதியோடு ஒரே தாளில் எழுதி, கரன்ட் வைத்த டாக்டரிடமே காட்டுங்கள். அவருக்குத்தான் உங்கள் அடிமட்டம் தெரியும்.

இன்னொன்று, பலர் சொல்ல மறப்பது. கதிர்வீச்சு முடிந்து மாதங்கள், ஆண்டுகள் கழித்துக்கூட மலத்தில் ரத்தம் வரலாம். மூலம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. கேமரா விட்டுப் பார்க்கும் டாக்டரிடம், புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு எடுத்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலக்குடலின் முன்சுவரில்தான் கதிர் அதிகம் பட்டிருக்கும். அங்கே தேவையில்லாமல் சதை கிள்ளி எடுத்தால் ஆறாத புண்ணாகி, ஓட்டையே விழக்கூடும்.