'ஜென்டில் ரிமைண்டர்'னு போட்டா பில் வந்துடுமா?

ஆடிட்டர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். மாதம் பிறந்தாலே, கிளையன்ட்டின் அக்கவுன்ட்டன்ட்டுக்கு பில் கேட்டு மெயில் தட்டுவதுதான் முதல் வேலை. மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ம் தேதிக்குள் போட்டாக வேண்டும். அங்கிருந்தோ 10-ம் தேதி ராத்திரி வரை சத்தமே இருக்காது.

வெறும் 'ஜென்டில் ரிமைண்டர்' என்று வரும் மெயிலை போனில் பார்த்ததும் தள்ளிவிட்டுடுவாங்க. 'ஜூன் விற்பனை பில்கள் - ஜூலை 7-க்குள் தேவை' என்று சப்ஜெக்ட்டிலேயே போடுங்கள். கெடு 11 ஆச்சே என்கிறீர்களா? சரிபார்க்க உங்களுக்கும் நாலு நாள் வேணுமே!

உள்ளே இவ்வளவு போதும்: "வணக்கம் சார். ஜூன் கடைசி வார பில்கள் மட்டும் இன்னும் வரவில்லை. 7-ம் தேதிக்குள் கிடைத்தால் நேரத்துக்குத் தாக்கல் செய்துவிடலாம். தவறினால், நம்மிடம் வாங்கியவர்களுக்கு இந்த மாத இன்புட் கிரெடிட்டில் இந்த பில்கள் வராது. ஏதாவது சிக்கல் இருந்தால் சொல்லுங்கள்."

'ஏன் இன்னும் அனுப்பலை?' என்ற கேள்வியே இதில் இல்லை, கவனிச்சீங்களா? நமக்கு வேண்டியது பில்தான், விளக்கம் இல்லை.

முதல் மெயிலிலேயே அவருடைய முதலாளியை சிசி-யில் சேர்க்காதீங்க. போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிடும். 7-ம் தேதி சாயங்காலம் வரை பதிலே இல்லையா? இன்னொரு மெயில் வேண்டாம், போனைப் போட்டுடுங்க.