விமானம் பிந்தியதா? பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள்

விமானம் பிந்தியதால் கையிலிருந்து போன காசை விமான நிறுவனத்திடமே கேட்டு வாங்கலாம் என்று சொன்னால், ஹாலிஎலப் பக்கத்தில் பலர் நம்புவதில்லை. நம்புகிறவர்களும் கேட்கப் போகும்போது கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் நிற்கிறார்கள். இந்த இரண்டையும் பார்த்துப் பார்த்து மனம் கசந்துதான் இதை எழுதுகிறேன்.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். குவைத்துக்கோ கட்டாருக்கோ வேலைக்குப் போகும் பெண்ணை ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து வேன் புறப்படும். பண்டாரவளை, பலாங்கொடை, இரத்தினபுரி என்று இரவு முழுக்க ஓடிக் கட்டுநாயக்கவில் இறங்கினால், விமானம் ரத்து என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கும். கவுண்டரில் இருப்பவர் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். தங்க இடம் உண்டா, சாப்பாடு உண்டா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவரும் தானாகச் சொல்ல மாட்டார். நீர்கொழும்பில் ஓர் அறை, ஓட்டோ கூலி, கடைச் சாப்பாடு என்று கடன் வாங்கிய காசு கரையும். மறுநாள் விமானம் ஏறியதும் பில்லெல்லாம் குப்பையில் போய்விடும். மூன்று மாதம் கழித்து வீட்டார் வந்து, "ஏதாவது செய்யலாமா?" என்பார்கள். அன்றைக்கே செய்ய வேண்டியதை அன்றைக்குச் செய்திருந்தால் செய்திருக்கலாம்.

எந்தச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது?

1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைதான் அடிப்படை. இலங்கை 2019 முதல் இதில் இருக்கிறது. குவைத், கட்டார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஓமான், பஹ்ரைன், ஜோர்தான், இந்தியா ஆகியவையும் இருக்கின்றன. நம்மவர்கள் அதிகம் பறக்கும் பாதைகள் இதற்குள் வந்துவிடுகின்றன.

அதன் 19ஆம் உறுப்புரை, தாமதத்தால் பயணிக்கு ஏற்பட்ட நட்டத்துக்கு விமான நிறுவனமே பொறுப்பு என்கிறது. நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தோம், அல்லது செய்யவே வழி இருக்கவில்லை என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். "அது எங்கள் பிழை இல்லை" என்று கவுண்டரில் வாயால் சொல்வது நிரூபணம் ஆகாது.

ஒரு பயணிக்கான உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 6,303 விசேட எடுப்பனவு உரிமை. இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 8,000 அமெரிக்க டொலருக்கும் மேல் வரும். இந்த எண்ணைக் கேட்டதும் முழுத் தொகையும் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். இது கூரை மட்டுமே. நீங்கள் செலவழித்ததை, அதுவும் பற்றுச்சீட்டு வைத்துக் காட்டியதைத்தான் கேட்கலாம். மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் இதன் கீழ் காசு எதிர்பார்க்காதீர்கள்.

இலண்டன், பாரிஸ் உறவினர்களின் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி, தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை நிலையான இழப்பீட்டைத் தருகிறது. ஐரோப்பிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் அது பொருந்தும். ஐரோப்பாவுக்கு வருவதென்றால் ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருக்க வேண்டும். பிரித்தானியாவிலும் இதேபோன்ற விதி உண்டு. பாரிஸில் மாமாவுக்கு 600 யூரோ கிடைத்தது என்பதற்காகக் கொழும்பு – குவைத் பயணத்துக்கு அதே தொகையைக் கேட்டுக் கடிதம் எழுதினால் அந்தக் கடிதம் குப்பைக்குத்தான் போகும்.

புயலும் ஆள் பற்றாக்குறையும் ஒன்றல்ல

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மலை சரிந்து எத்தனை உயிர்கள் போயின என்பதை நாம் மறக்க முடியாது. வீதிகள் அடைபட்டன, மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. அப்படியொரு வேளையில் வானிலையைக் காரணம் காட்ட நிறுவனத்துக்கு இடமுண்டு. ஆனால் ரத்தான விமானத்தின் டிக்கெட் காசையோ மாற்று விமானத்தையோ தராமல் விட இடமில்லை.

அடுத்த வாரமே, டிசம்பர் தொடக்கத்தில், இந்தியாவில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்தாயின. விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதற்கு ஏற்ப ஆட்களை ஒழுங்கு செய்யாததே முக்கிய காரணம். அதில் புயலுமில்லை, மண்சரிவுமில்லை. டிசம்பர் 7ஆம் திகதி இரவு 8 மணிக்குள் பயணிகளின் காசைத் திருப்பிக் கொடுத்து முடிக்க வேண்டும் என்று இந்திய அரசு உத்தரவிட்டது. ஆகவே காரணத்தைக் கேளுங்கள். அதை எழுத்தில் கேளுங்கள். "செயற்பாட்டுக் காரணம்" என்று மழுப்பினால், அது என்ன என்று மறுபடியும் கேளுங்கள்.

இயற்கைச் சீற்றம் என்றாலும் பயணியைத் தெருவில் விட முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் போர்த்துக்கலில் மாட்டிக்கொண்ட ஓர் அயர்லாந்துப் பயணி, சாப்பாட்டுக்கும் தங்கியதற்கும் போக்குவரத்துக்கும் செலவான ஏறத்தாழ 1,130 யூரோவை ரையன்எயார் நிறுவனத்திடம் கேட்ட வழக்கு அது. தேவையான, பொருத்தமான, நியாயமான செலவைத் தரத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த மூன்று சொற்களை மனதில் வைத்தே செலவழியுங்கள். சாதாரண அறை கிடைக்கும்போது நட்சத்திர ஹோட்டலில் தங்கிவிட்டுப் பில்லை நீட்டினால் எந்த நிறுவனமும் மறுக்கும்.

இன்னொரு தவறையும் அடிக்கடி காண்கிறேன். மண்சரிவால் வேன் நின்றது, ரயில் பிந்தியது, அதனால் விமானம் தவறிப்போனது என்றால் அதற்கு விமான நிறுவனம் பொறுப்பல்ல. விமானம் புறப்படும் முன்னரே நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, மின்னஞ்சலும் அனுப்பித் திகதியை மாற்றச் சொல்லுங்கள். பேசாமல் இருந்தால் நீங்கள் வராமல் விட்டதாகப் பதிந்து டிக்கெட்டையே செல்லாததாக்கிவிடுவார்கள். மலையில் மழை கொட்டும் நாட்களில் ஒரு நாள் முன்னதாகவே இறங்குங்கள்.

கவுண்டரில் நிற்கும்போதே செய்ய வேண்டியவை

முதலாவது, விமானம் எத்தனை மணிநேரம் பிந்துகிறது, என்ன காரணம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அறிவிப்புப் பலகையை நேரம் தெரியும்படி படம் எடுங்கள். நிறுவனம் அனுப்பிய எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள்.

இரண்டாவது, சாப்பாடு, தங்குமிடம், மாற்று விமானம் மூன்றையும் நீங்களே வாய்திறந்து கேளுங்கள். தர மறுத்தால் யார் மறுத்தார், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். கேட்டும் தரவில்லை என்பதே பிறகு உங்கள் கோரிக்கைக்குப் பலம்.

மூன்றாவது, வவுச்சர் தந்து கையெழுத்துக் கேட்டால் வாசித்துவிட்டுப் போடுங்கள். "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற கருத்தில் ஏதாவது இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாத மொழியில் இருந்தால் ஃபோனில் படம் எடுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேளுங்கள்.

நான்காவது, ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு. கடைகளில் தரும் பளபளப்பான பில்லில் எழுத்து சில வாரங்களில் மங்கிப்போகும்; வாங்கிய கையோடு படம் எடுத்துவிடுங்கள். வேன்காரர், ஓட்டோக்காரர் பில் தருவதில்லை என்பார்கள். ஒரு வெள்ளைத்தாளில் திகதி, எங்கிருந்து எங்கே, தொகை, வாகன இலக்கம், பெயர், தொலைபேசி எண் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதுவும் ஆதாரம்தான்.

எந்தக் கூலியைக் கேட்கலாம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. வீட்டிலிருந்து முதலில் கட்டுநாயக்கவுக்குப் போன கூலி எப்படியும் செலவாகியிருக்கும். அதைக் கேட்க முடியாது. திருப்பி அனுப்பியதால் ஊருக்கு வந்து மறுபடி போன கூலியைக் கேட்கலாம். ஆனால் ஒரே இரவுத் தாமதத்துக்கு ஹாலிஎல வரை வந்து போனால், பக்கத்தில் தங்கியிருக்கலாமே என்பார்கள். வழியனுப்ப வந்த உறவினரின் சாப்பாட்டையும் கூலியையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது உங்கள் உண்மையான செலவையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

பெட்டி வந்து சேரவில்லை என்றால், பொதி வரும் மண்டபத்தை விட்டு வெளியேறும் முன் அங்குள்ள கவுண்டரில் முறைப்பாட்டுப் படிவம் நிரப்பி இலக்கம் வாங்குங்கள். சேதமடைந்த பெட்டிக்கு ஏழு நாளைக்குள்ளும், பிந்தி வந்த பெட்டிக்கு அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளைக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் உரிமை போய்விடும். பெட்டி பிந்தியதால் வாங்க நேர்ந்த மாற்றுடுப்புக்கும் இதே வழியில் காசு கேட்கலாம்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

திட்டி எழுதாதீர்கள். ஒரு பக்கம் போதும். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், ஆறு எழுத்துகள் கொண்ட முன்பதிவு இலக்கம், 13 இலக்க டிக்கெட் எண், விமான இலக்கம், திகதி, புறப்பட வேண்டிய நேரம், உண்மையில் புறப்பட்ட நேரம் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். அதன்கீழ் செலவுகளை வரிசை இலக்கமிட்டு, எந்த நாணயத்தில் எவ்வளவு என்று எழுதி மொத்தம் போடுங்கள். "மொன்றியல் உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரையின்படி இந்தத் தொகையைக் கோருகிறேன், 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்" என்று முடியுங்கள். வங்கிக் கணக்கு விவரத்தையும் சேருங்கள்.

நிறுவனத்துக்கு எழுதுவதை ஆங்கிலத்தில் அனுப்புவது நல்லது. பாடசாலை ஆசிரியர் ஒருவரின் உதவியைக் கேளுங்கள். இணையப் படிவத்தில் போட்டதோடு நிற்காமல் அதே கடிதத்தை அதன் கொழும்பு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். மூலப் பற்றுச்சீட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், பிரதி மட்டும். தபாலகத்தில் தரும் சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். டிக்கெட் விற்றது ஒரு நிறுவனம், பறந்தது இன்னொன்று என்றால் இரண்டுக்கும் அனுப்புங்கள்.

ஏஜென்சியில் மாட்டிக்கொள்ளும் காசு

நம் பகுதியில் அதிகக் காசு காணாமற்போவது இங்கேதான். ரத்தான டிக்கெட்டின் காசை நிறுவனம் எந்த வழியில் பெற்றதோ அந்த வழியிலேயே திருப்பும். ஏஜென்சி தன் கணக்கில் டிக்கெட் எடுத்திருந்தால் காசு ஏஜென்சிக்கே போகும். "இன்னும் வரவில்லை" என்று அவர் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார், நாமும் நம்பிக்கொண்டிருப்போம். நிறுவனத்துக்கு எழுதி, எந்தத் திகதியில், யாருக்கு, எவ்வளவு திருப்பினீர்கள் என்று பதில் வாங்குங்கள். அந்தப் பதிலோடு ஏஜென்சிக்குப் போனால் பேச்சு மாறும். காசு கொடுக்கும்போதே உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு வாங்கியிருக்க வேண்டும். சப் ஏஜென்டிடம் பற்றுச்சீட்டு இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. மறுபடியும் சொல்கிறேன், கொடுக்காதீர்கள்.

வேலைக்கு அனுப்பும் முகவர் ஏமாற்றினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறையிடலாம். தொலைபேசி எண் 1989. டிக்கெட் ஏஜென்சி என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, எண் 1977. அங்கு எழுத்திலான முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். உள்ளூர் ஏஜென்சியோடு உள்ள காசுத் தகராறை மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோகலாம்.

நிறுவனம் பதில் தராவிட்டால்

இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு எழுதுங்கள். தலைமை அலுவலகம் கட்டுநாயக்க, மினுவாங்கொடை வீதியில் இருக்கிறது. முதற் கடிதம், பதிவுத் தபால் சீட்டு, பற்றுச்சீட்டுகள், போர்டிங் பாஸ் ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். அரச நிறுவனங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. "சிங்களத்தில் எழுதிக் கொண்டுவா" என்று எந்த அதிகாரி சொன்னாலும் திரும்பி வராதீர்கள். கடிதத்தைக் கொடுத்துப் பிரதியில் முத்திரை கேளுங்கள். ஏழைப் பயணியைக் கொழும்புக்கும் பதுளைக்கும் அலைய விடுவது அலுவலகங்களில் பழகிப்போன நோய். முத்திரையும் திகதியும் உள்ள பிரதி கையில் இருக்கும்போது, கடிதம் வரவேயில்லை என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

கடைசி வழி நீதிமன்றம். இலங்கையிலுள்ள கிளை மூலம் டிக்கெட் வாங்கியிருந்தாலோ, இங்கிருந்து போய் இங்கேயே திரும்பும் டிக்கெட்டாக இருந்தாலோ இங்கேயே வழக்கிடலாம். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். கால எல்லை இரண்டு வருடம்; விமானம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, அல்லது சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்பதால் அந்தக் காலம் நீளாது. பதில் வரும், பதில் வரும் என்று காத்திருந்தே இரண்டு வருடத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

கடந்த இரண்டு வருடத்துக்குள் உங்கள் வீட்டில் யாருக்காவது விமானம் ரத்தாகியோ பிந்தியோ செலவு ஏற்பட்டிருந்தால், இன்றைக்கே ஃபோனில் உள்ள பழைய செய்திகளையும் படங்களையும் தேடுங்கள். ஹோட்டல்காரரிடம் பில்லின் பிரதி கேளுங்கள். கிடைத்ததை வைத்துக் கடிதம் எழுதி, நாளைக்கே ஹாலிஎலத் தபாலகத்தில் பதிவுத் தபாலில் போடுங்கள்.